புவா சூ காங்கும் நாம் போட்ட சண்டையும்

அங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள நளினிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் எனக்காக, பிறகு அம்மாவுக்கு உரக்க. பெர்த்தில் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வாரத்திலேயே உன் பேரன் ஆசிரியையிடம் "கேன்" என்று, முடியும் என்ற பொருளில், ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதையும், அவர் மிச்ச வாக்கியத்துக்காகக் காத்து நின்றதையும் கேட்டு அம்மா வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். "என்னோடு இருந்து இருந்து அவன் ஆங்கிலம் கெட்டுப்போகிறதோ? நீ ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், நீயே சொல்" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க உனக்கு எவ்வளவு பெரிய மனது! 1999இல் இதே விஷயத்துக்காக உன்னோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவள் நான்.

பதிலுக்கு முன் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து இரண்டு மாதமாகிறது. என்னோடுதான் இருக்கிறார். காலையில் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மின்தூக்கி வரை போய் வருகிறார். பிற்பகல் முழுவதும் தொலைக்காட்சிதான். வசந்தம் தமிழ் ஒளிவழியில் பிடித்த தொடர் முடிந்ததும், "அந்த மஞ்சள் பூட்ஸ்காரனைப் போடு" என்கிறார். இணையத்தில் மீவாட்ச் தளத்தில் புவா சூ காங் என்ற பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடரைத் தேடி எடுத்து வைக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் பிடித்த பிடிவாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டு வருகிறது. அதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நாம் சிறுமிகளாக இருந்தபோது இரண்டே ஒளிவழிகள். ஐந்தில் ஆங்கிலமும் மலாயும், எட்டில் சீனமும் தமிழும். உன் வீட்டில் தொலைக்காட்சி இல்லாததால் எங்கள் வீட்டுக்கு வருவாய். தமிழ் நிகழ்ச்சி எப்போது வரும் என்று காத்திருந்தபடியே சீன நிகழ்ச்சியையும் பார்த்து முடித்துவிடுவோம். மூன்றாம் வீட்டு மலாய் அம்மா, நம் மக்சிக்கும் நம்மோடு உட்கார்ந்திருப்பார். மொழி புரியாவிட்டாலும் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எல்லாருக்கும் தெரியும். 1990களின் நடுவில்தான் ஐந்து முழுக்க ஆங்கிலத்துக்கும் எட்டு முழுக்கச் சீனத்துக்கும் போயின. மலாயும் தமிழும் வேறு ஒளிவழிக்குக் குடிபெயர்ந்தன. ஒவ்வொரு மொழிக்கும் தனி அறை கிடைத்தது நல்லதுதான். தமிழுக்குக் கூடுதல் நேரமும் கிடைத்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன பார்க்கிறார் என்பது அதற்குப் பிறகு நமக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்த நேரத்தில்தான் உள்ளூர் ஆங்கிலத் தொடர்கள் வந்தன. புளோக்கின் கீழ்த்தளத்தில் எல்லாரும் சந்தித்துக்கொள்வது போல, அங்கே மட்டும் எல்லாரும் சந்தித்துக்கொண்டோம்.

இந்த நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963இல். முதல் உள்ளூர் ஆங்கில நாடகத் தொடரான 'மாஸ்டர்ஸ் ஆஃப் த சீ' வந்ததோ 1994இல். முப்பது ஆண்டுகள்! அரசாங்கமும் அலுவலகமும் பள்ளிக்கூடமும் ஆங்கிலத்தில் நடக்கிற நாட்டில் ஆங்கில நாடகம் பிறக்க ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்று நீ அப்போதே கேட்டாய். எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான். ஆங்கிலம் தெரிந்த பார்வையாளருக்கு அமெரிக்காவும் இங்கிலாந்தும் எடுத்த நிகழ்ச்சிகள் எல்லாம் ஆயத்தமாகக் கிடைத்தன. சில இலட்சம் பேருக்காக இங்கே ஒரு தொடர் எடுத்தால், அது உலகத்தில் ஆகப் பெரிய படப்பிடிப்புத் தளங்களோடு அதே மாலையில் போட்டியிட வேண்டும். சீனத் தொடருக்கும் தமிழ்த் தொடருக்கும் கூட வெளியிலிருந்து போட்டி உண்டு. ஆனால் அவற்றைப் பார்க்கிற வீட்டில் அந்த மொழி ஏற்கெனவே பேசப்பட்டது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு வீடு அன்று பெரும்பாலும் இல்லை. எனவே அந்த முதல் தொடரில் கப்பல் முதலாளிகள் பேசிய ஆங்கிலம் நம் ஊரில் எந்த அடுக்குமாடியிலும் கேட்டிராத ஆங்கிலமாக இருந்தது. மக்கள் சிரித்தார்கள். உழைத்து எடுத்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அடுத்த ஆண்டே 'அண்டர் ஒன் ரூஃப்' வந்தது. பீஷானில் வீவக என்ற அரசு அடுக்குமாடி வீட்டில் டான் ஆ டெக்கின் குடும்பம். மோசஸ் லிம் அந்த மனிதராகவே வாழ்ந்தார். பிள்ளைகள் ஏதாவது தப்புச் செய்துவிட்டு வந்து நின்றால் போதும், சீனாவின் தெற்கு மாநிலத்தில் வெகு காலத்துக்கு முன்பு என்று கதையைத் தொடங்கிவிடுவார். முடிவே இல்லாத கதை. நம் அப்பாக்கள் ஊர்க் கதை சொல்லித் திருத்தப் பார்த்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? என் அப்பாவுக்குத் தஞ்சாவூர், அவருக்குத் தெற்குச் சீனா. அண்டை வீட்டு மலாய்க்காரர்களும் இந்தியர்களும் அனுமதி கேட்காமல் உள்ளே வந்து போனார்கள். எங்கள் மாடியில் கதவுகள் அப்படித்தான் திறந்து கிடந்தன.

பிறகு 1997இல் புவா சூ காங். சுருட்டை முடி, கன்னத்து மச்சம், மஞ்சள் பூட்ஸ், வீடு புதுப்பிக்கும் குத்தகைக்காரர். "டோன்ட் ப்ரே ப்ரே" என்று, அதாவது 'டோன்ட் ப்ளே ப்ளே', விளையாடாதே என்று, என் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பையன்கள் சொல்லாத நாளே இல்லை. நான் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே இருந்தேன். 1999 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் டோங் அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லியே பேசியபோது, ஆசிரியர் அறையில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். நாடு முழுவதும் கேட்கிற உரையில் ஒரு நகைச்சுவைத் தொடரின் நாயகனை ஆங்கில வகுப்புக்கு அனுப்பச் சொன்ன நாடு வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை. தொடரிலும் அவர் வகுப்புக்குப் போனார். மறு ஆண்டே நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது.

பிரதமர் பேசிய அந்த வார இறுதியில்தான் நம் சண்டை. "அவன் பேசுவது உன் அம்மா சந்தையில் பேசுவது. அம்மாவையும் வகுப்புக்கு அனுப்புவாயா?" என்று நீ கேட்டாய். எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், அது உண்மையாக இருந்ததுதான்.

இப்போது அம்மா பார்ப்பதைப் பார்க்கிறேன். அவருக்குத் தமிழும் பாசார் மலாய் என்ற சந்தை மலாயும் தெரியும், காய்கறி வாங்கும் அளவுக்கு ஹொக்கியன் என்ற சீன மொழியும் தெரியும். ஆங்கிலச் செய்தி ஓடினால் திரையை விட்டுவிட்டுச் சன்னலைப் பார்க்கிறார். புவா சூ காங் பேசினால் ஒரு சொல் தவறாமல் புரிந்துகொள்கிறார். ஏன் என்று யோசித்தேன், நளினி. நாற்பது ஆண்டுகள் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் இல்லையா? "ப்ளே ப்ளே" என்று ஒரு சொல்லை இரட்டிப்பது ஆங்கிலத்துக்குப் பழக்கமில்லாதது. மலாயில் "ஜாங்கான் மைன்-மைன்" என்பதுதான் அச்சு அசலாக அது. நாமும் "சும்மா சும்மா" என்கிறோம். "கேன் ஆர் நாட்" என்று கேட்டால் வெள்ளைக்காரருக்கு அது அரைகுறை. நமக்கோ "முடியுமா முடியாதா". சீனருக்கும் அதே அமைப்பு. அதற்குப் பதில் "கேன்", மலாயில் "போலே", தமிழில் "முடியும்". எழுவாய் இல்லாமல் நிற்க இந்த மொழிகளுக்கெல்லாம் தெரியும். சொற்களுக்கு மட்டும்தான் ஆங்கிலச் சட்டை. வாக்கியத்தின் எலும்பு நம் எல்லாருடையதும். அதைத் தப்பு என்று சிவப்பு மையில் வட்டம் போட்டபோது யாருடைய எலும்பை வட்டம் போட்டேன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

இதற்காக நான் முழுதாக உன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று எண்ணாதே. நேர்முகத் தேர்வுக்குப் போய் வாய் திறக்கத் தயங்கி வேலையை இழந்த பையன்களை எனக்குத் தெரியும். அவர்கள் பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைகள். பள்ளிக்கூடம் தராவிட்டால் அவர்களுக்கு அந்த ஆங்கிலத்தை வேறு யார் தருவார்கள்? அதில் நான் மாறவில்லை. ஆனால் இப்போது ஊன்றிப் பார்க்கும்போது, அந்தத் தொடரும் இதைத்தான் காட்டியிருக்கிறது. தம்பி சூ பெங் படித்தவர், தம்பி மனைவி மார்கரெட் திருத்தமாகப் பேசுபவர். அண்ணன் சூ காங்கும் அவர் மனைவி ரோசியும் பேசுவது வேறு. ஒரே கூரை, ஒரே சாப்பாட்டு மேசை. இரண்டு ஆங்கிலமும் முட்டிக்கொள்வதும் சமாதானமாவதும்தான் கதையே. நாங்கள் ஆசிரியர்கள் பாதியை மட்டும் கேட்டுவிட்டு முகம் சுளித்திருக்கிறோம்.

2003இல் சார்ஸ் வந்தபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். தினமும் வகுப்பில் வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பார்த்த நாட்கள் அவை. கையைக் கழுவு என்று புவா சூ காங் பாடிய ராப் பாடலை அதே பையன்கள் தாழ்வாரம் முழுக்கப் பாடினார்கள். நான் ஒரு வாரம் சொன்னதை அவர் ஒரு நாளில் செய்ய வைத்தார். 2021இல் தடுப்பூசி போடச் சொல்லவும் அவரே வந்தார். அம்மா அந்தக் காணொளியைப் பார்த்த பிறகுதான் ஊசிக்குச் சம்மதித்தார்.

எனக்கு இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. புவா சூ காங்காக நடித்த குர்மித் சிங்கின் தந்தை சீக்கியர். அவர் நம் நாடு முழுவதற்கும் செல்லப்பிள்ளை ஆனது ஒரு சீனக் குத்தகைக்காரராக நடித்து. இது நம் ஊரில்தான் நடக்கும் என்று பெருமைப்படுகிறேன். அதே மூச்சில், நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் ஏன் எப்போதும் சீனர்களுடையது, நாம் ஏன் எப்போதும் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. 1960களைக் காட்டிய 'க்ரோயிங் அப்' எனக்கு உயிர். அதுவும் ஒரு சீனக் குடும்பத்தின் கதைதான். 2015இல் 'டாங்ளின்' தொடங்கியபோது நான்கு குடும்பங்களில் இந்தியரான பாஸ்கர் குடும்பமும் ஒன்று. எண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள், வேலை நாள்தோறும், 2018 வரை. அம்மாவுக்கு வசனம் பாதி புரியவில்லை. இருந்தாலும் பாஸ்கர் வீடு வந்ததும் நிமிர்ந்து உட்காருவார். கதை சில நேரம் இழுத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர்கள் யார் வீட்டுக்கும் விருந்தாளியாக வரவில்லை. அது அவர்கள் வீடு.

2010இல் வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசுகிறவர்கள் நூற்றுக்கு 32 பேர், 2020இல் 48 பேர் என்றது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தமிழ் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5க்கு இறங்கிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆங்கிலத்துக்கு இப்போது வீடு கிடைத்துவிட்டது, நளினி. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் கொரியாவையும் அமெரிக்காவையும் பார்க்கிறார்கள். இந்தத் தொடர்களை இனி எடுக்காமல் விட்டால், "ஜாங்கான் மைன்-மைன்" என்பதும் "சும்மா சும்மா" என்பதும் ஒரு ஆங்கில வாக்கியத்துக்குள் எப்படிக் கைகோத்து நின்றன என்று அவர்கள் எங்கே கேட்பார்கள்? பார்க்கிறவர்கள் குறைவு என்று கணக்குப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன். நூலகத்துக்கு அப்படிக் கணக்குப் பார்க்கிறோமா?

சரி, உன் பேரனுக்கு வருகிறேன். ஆசிரியை கேட்டால் முழு வாக்கியமாகச் சொல்ல அவனுக்குப் பழக்கு. அது அவனுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். வீட்டில் உன்னிடம் "கேன்" என்று சொன்னால் திருத்தாதே. அந்தச் சொல் உன்னிடமிருந்து போனது, உனக்கு அது உன் அம்மாவிடமிருந்தும் மூன்றாம் வீட்டு மக்சிக்கிடமிருந்தும் வந்தது. அன்று நான் உன்னிடம் சொன்ன கடுஞ்சொற்களுக்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் விடுமுறைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா. புவா சூ காங்கில் முதல் இரண்டு பருவத்தை அம்மா முடித்துவிட்டார். மூன்றாவதை நீ வரும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வரும்போது அவருக்கு முழங்காலுக்குப் பூசும் அந்தத் தைலம் இரண்டு குப்பி மறக்காமல் வாங்கி வா.

அன்புடன்,
உன் மாலதி