மத்தளக்காரர் எங்கே நிற்கிறார்?

அன்புள்ள மகளுக்கு,

ஆய்வுத் தலைப்பை அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ‘போருக்குப் பிந்தைய இலங்கையில் தமிழ் அரங்கும் அடையாளமும்.’ பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மேடையில் ஒருநாளும் ஏறாத ஒருவரும் நூலகத்தில் இருந்தே இதை எழுதி முடித்துவிடுவார். ‘இதில் நீ எங்கே?’ என்று உன் சுப்பர்வைசர் கேட்டது சரியான கேள்விதான்.

வெள்ளவத்தையில் நீ போட்ட அபிமன்யு கூத்தை நினைத்துப் பார். நான் பின்னால் லைற் போர்ட்டில் இருந்தேன். அங்கே இருப்பவனுக்கு வசனத்தைவிட நடிகரின் கண் எங்கே போகிறது என்பதுதான் தெரியும். அபிமன்யு ஆடிக்கொண்டே இடப்பக்க விங்ஸை, மேடையோர மறைவை, பார்த்துப் பார்த்து வந்தான். அங்கேதான் மத்தளத்தை இருத்தியிருந்தாய். பாத்திரம் மேடைக்கு வரும்போது அடிக்கும் வரவுத் தாளம் வேகம் எடுத்ததும் அவன் கால் தாளத்துக்கு அரைத் தட்டுப் பிந்தியது. சபையைப் பார்த்தால் தாளம் போகிறது, மத்தளத்தைப் பார்த்தால் முகம் போகிறது. ஒத்திகையிலும் இதற்காகத்தானே நீயும் மத்தளக்காரத் தம்பியும் சண்டை பிடித்தீர்கள்? உன் ஆய்வு அந்தச் சண்டைக்குள் கிடக்கிறது, பிள்ளை.

மட்டக்களப்புக் கூத்து ஆடும் வட்டமான களரியில், கூத்தைப் பழக்கி மத்தளமும் அடிக்கும் அண்ணாவியார் நடுவில் நிற்பார், பிற்பாட்டுக்காரர் பக்கத்தில். ஆடுபவர் அவர்களைச் சுற்றி ஆடுவார், சனம் நாலு பக்கமும் இருக்கும். தாளம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று செய்தபோது, விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, சபை ஒரு பக்கம் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் கொழும்பில் இருந்த எங்களைப் போன்றவர்களுக்குக் கூத்து பார்க்கக் கிடைத்தது, அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ‘இராவணேசனில்’ இராவணனாக ஆடிய மௌனகுரு பிறகு மட்டக்களப்பு மரபு நாடகங்களையே ஆய்வுக்கு எடுத்தார். ஆடிய காலோடு போய்க் கேட்ட கேள்வி அது.

ஆனால் வட்டம் சதுரமானபோது மத்தளம் ஓரத்துக்குப் போனது. ஆடுபவர் இப்போது தாளத்தை எங்கிருந்து எடுக்கிறார்? காதாலா, கண்ணாலா, பக்கத்தில் ஆடுபவரின் தோளைப் பார்த்தா? சுற்றி ஆடப் பழகிய உடம்பு ஒரே பக்கம் முகம் காட்டும்போது எதை விடுகிறது, எதைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறது? இதைக் கேட்க உன்னால் முடியும், ஏனென்றால் உன் நடிகர்கள் அதற்குள் தடுமாறினார்கள், நீயும் அவர்களோடு நின்றாய். அடையாளம், போர் எல்லாம் வேண்டுமென்றால் தானாக வந்து சேரும். முதல் பக்கத்திலேயே அவற்றைக் கூப்பிட வேண்டியதில்லை.

செய்முறையும் கஷ்டமில்லை. அதே காட்சியை, அதே நடிகர்களைக் கொண்டு மூன்று விதமாக ஆட வை: மத்தளம் நடுவில், மத்தளம் விங்ஸில், ஒலிப்பதிவு ஸ்பீக்கரில். (கொழும்பில் முக்கால்வாசி ஒத்திகை கைபேசியில் பதிந்த தாளத்தோடுதானே நடக்கிறது. அதை வெட்கப்பட்டு மறைக்காமல் ஆய்வில் போடு.) ஒவ்வொரு முறையும் கால்களை மட்டும் ஒரு கமெராவில் எடு. ஆடி முடித்த கையோடு, தேத்தண்ணி குடிக்கும்போதே நடிகர்களிடம் கேள். அடுத்த நாள் கேட்டால் அழகாகச் சொல்வார்கள், அது உதவாது. மேடையில் கார்ப்பெட் இருந்தால் உருட்டி எடுத்துவிடு, சதங்கைச் சத்தம் பாதி அதற்குள் போய்விடும்.

உன் ஒத்திகைக் கொப்பிகள் அலுமாரியில்தான் இருக்கின்றன. உன் திட்டல்களோடு, ஒரு பக்கமும் கிழியாமல். படம் எடுத்து இந்தக் கிழமையே அனுப்புகிறேன். புதிதாக எழுத முன்னர் அவற்றை வாசி. எந்தப் பக்கத்தில் ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறதோ அதை மடித்து வை. நான் சொன்ன மத்தளம் இல்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் என்னைத் தள்ளிவிட்டு அதன் பின்னால் போ.

மத்தளக்காரத் தம்பியிடம் கதைத்தேன். நீ மார்கழியில் வந்தால் மூன்று நாள் தருவானாம், ஆனால் இந்த முறை தன்னை நடுவில் இருத்தவேண்டுமாம். வருட முடிவில் பள்ளிக்கூட மண்டபங்கள் கலை விழாக்களுக்குப் போய்விடும். திகதியைச் சீக்கிரம் சொல், நான் போய்ப் பதிந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா