கெட்டி ஆயில் ஊற்றினால் சூடு குறையாது

அன்பு மகளுக்கு,

கார் சூடாகிறது, 5டபிள்யூ-30 இன்ஜின் ஆயிலுக்குப் பதிலாக அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தாய். ஊற்ற வேண்டாம். கெட்டி ஆயில் இன்ஜினைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. உன் வண்டிக்கு அது பொருந்தாது.

டேஷ்போர்டில் ஏறுகிற முள், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டைக் காட்டுகிறது, ஆயிலின் சூட்டை அல்ல. முள் ஏறினால் கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதே, கொதிக்கிற கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

இனி ஆயில். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது, பின்னால் உள்ள எண் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை. 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடின் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 50 கிரேடு 16.3 முதல் 21.9-க்குள். பெரும்பாலும் ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டி.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். சுழலும் ஷாஃப்ட் ஆயிலை அந்தச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு அதன் மேல் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. பேரிங்கின் சூட்டை அள்ளிக்கொண்டு இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்குப் போவதும் அதே ஆயில்தான். ஆயில் கெட்டியானால் சந்துக்குள் உராய்வு கூடும், அதுவே சூடாக மாறும். நொடிக்கு நொடி அதன் வழியே பாயும் ஆயிலும் குறையும். ஆக, ஆயிலின் சூடு ஏறத்தான் செய்யும். பிரஷர் கேஜில் முள் உயரே நிற்பதைப் பார்த்து ஏமாறாதே: பிரஷர் வேறு, பாயும் அளவு வேறு. பிரஷர் எல்லை தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பி விட்டுவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கெட்டி ஆயில் வால்வுகளைத் திறக்கும் கேமுக்கும், காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ இருந்தால் அதற்கும் போய்ச் சேரத் தாமதமாகும். அதுவரை அந்தப் பாகங்கள் முன்பு ஒட்டியிருந்த மெல்லிய படலத்தை நம்பித்தான் சுற்றும். தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது. வால்வுகள் திறக்கும் நேரத்தை ஆயில் பிரஷரால் மாற்றும் வால்வ் டைமிங் அமைப்பும் தடுமாறலாம்.

அதற்காக மிகவும் லேசான ஆயிலும் கூடாது. 150 டிகிரியில் வேகமாக அரைபடும்போது 30 கிரேடின் கெட்டித்தன்மை குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-செகண்ட் (இதுவும் கெட்டித்தன்மையின் அலகுதான்) இருக்க வேண்டும், 20 கிரேடுக்கு 2.6 போதும். 30-க்கு என்று வடிவமைத்த பேரிங்கில் 20 ஊற்றி முழு வேகத்தில் ஓட்டினால் படலம் அறுந்து உலோகம் உரசலாம். நல்ல ஆயிலே லேசாகிவிடுவதும் உண்டு. இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்தும் குட்டிப் பயணங்களாகவே ஓட்டினால் எரிபொருள் ஆயிலில் கலக்கும். ஊற்றாமலே டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அளவு ஏறி, எரிபொருள் வாடையும் வந்தால் உடனே ஆயிலை மாற்று.

அளவைப் பார்க்கத் தெரிந்துகொள். சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து பத்து நிமிடம் பொறு. டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி மறுபடி எடு. இரண்டு கோடுகளுக்கும் இடையே பல கார்களில் ஒரு லிட்டர் அளவுதான் வித்தியாசம், அதனால் கால் லிட்டராக ஊற்றிப் பார். குறைந்தால் மிச்சமிருக்கும் ஆயிலே ஓயாமல் சுற்றிச் சூடேறும்; கூடினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரை பாரம் தாங்காது.

மேனுவலில் கிரேடு மட்டுமல்ல, ஏபிஐ (அமெரிக்க) அல்லது ஏசிஇஏ (ஐரோப்பிய) தரமும் போட்டிருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். அதே அட்டவணை வெப்பப் பிரதேசத்துக்கு 5டபிள்யூ-40-ஐயும் அனுமதித்தால் தாராளமாக ஊற்று. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதே. ஓரங்கட்டி இன்ஜினை அணை, இழுவை வண்டியைக் கூப்பிடு.

அப்பா