பாணுக்கை வைச்ச கதை

கொக்குவில்,
நல்லூர் கொடியேறி ஏழாம் நாள்

அன்பின் குணம்,

நான் சுகம். நீயும் மாலாவும் சுகமெண்டு உன்ர பெறாமகன் சொன்னவன். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்பதான் பதில் எழுதுறன். ஏச வேண்டியதை ஏசிப்போட்டு மிச்சத்தை வாசி. வட்ஸ்அப்பிலை எழுதியிருக்கலாம்தான். ஆனால் போன மாசம் உனக்கெண்டு எழுதின ஒண்டு மூத்தவளின்ரை குடும்பக் குழுமத்துக்குப் போய், மருமகன் அதுக்குப் பெருவிரல் வேறை காட்டினவர். அந்த மானக்கேட்டுக்குப் பிறகு எனக்குப் பேனைதான் சரி. பெறாமகன் ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுறான், அவனிட்டைக் குடுத்துவிடுறன். ஒரு பார்சலும் இருக்கு. அதைப் பற்றிக் கடைசியிலை சொல்லுறன், இப்ப உடைக்காதை.

மனுசி இன்னும் மெல்பேணிலைதான். சித்திரைக்குப் பிறகு மூத்தவளின்ரை பிள்ளைப்பெத்துக்கெண்டு போனவள். மூண்டு மாசம் எண்டுதான் கதை. இப்ப நாலாவது ஓடுது. பேரன் நல்ல வெள்ளை, மூக்கு மட்டும் என்ர.

நான் தனிய என்ன சாப்பிடுறன் எண்டுதானே கேக்கப் போறாய்? பாண். காலமை பாண், சில நாள் இரவும் பாண். தேத்தண்ணி ஊத்தினாலே அடிப்பிடிக்க வைக்கிறவன் எண்டு மாலா என்னைப் பகிடி பண்ணுறவள் எல்லே, அவளுக்குச் சொல்லு: நான் இப்ப சான்ட்விச்சிலை கலாநிதி. ஆனால் அதுக்கு முதல் நான் பட்ட வெக்கத்தைக் கேள்.

ஆடி நடுவிலை தம்பியின்ரை பேத்திக்கு அஞ்சாவது பிறந்தநாள். கேக்குக்குச் சொல்லியாச்சு, றோல்ஸுக்குச் சொல்லியாச்சு, சான்ட்விச் தான் மிச்சம் எண்டு தம்பி மனுசி சொல்ல, என்ர வாயிலை சனி. அதை நான் பாக்கிறன் எண்டிட்டன். அறுபது துண்டு, அதுவும் மூண்டு நிறத்திலை. உனக்குத் தெரியும், எங்கடை ஆக்களுக்குப் பிறந்தநாள் மேசையிலை மூண்டு நிறம் இல்லாட்டி அது சான்ட்விச் இல்லை, வெறும் பாண். நாலு துண்டை அடுக்கி, இடையிலை கரட், பீற்றூட், பச்சை எண்டு மூண்டு பூச்சுப் பூசி, நாலா வெட்ட வேணும். அறுபதுக்குப் பதினைஞ்சு அடுக்கு. கணக்கு மட்டும் பிழைக்கேல்லை.

விறகுப் போறணையிலையிருந்து அப்பதான் இறக்கின அச்சுப் பாணைச் சூட்டோடை வாங்கி வந்தன். கத்தி வைக்க வைக்கப் பாண் அமுங்கிச் சுருளுது. பீற்றூட்டைப் பச்சையாத் துருவி, பிழியாமல் அப்பிடியே பூசினன். பச்சைக்கு மல்லியிலையும் புதினாவும் தேங்காய்ப்பூவும் சேத்து அரைச்சது. எல்லாம் காலமை ஒன்பது மணிக்கு முடிஞ்சுது. கெட்டிக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டு, பொலித்தீனாலை மூடி, மேசையிலை வைச்சிட்டுப் படுத்திட்டன். பின்னேரம் ஆறு மணிக்குத் திறந்தால் பீற்றூட் தண்ணி வடிஞ்சு கோப்பை முழுக்கச் சிவப்பு. தேங்காய் புளிச்சுக் கிடக்கு. பிறந்தநாள்காரி கிட்ட வந்து பாத்திட்டு, நாலு பேர் கேக்க, “தாத்தா, உங்கடை பாண் அழுகுது” எண்டாள். அவள் சொன்னது கண்ணீர் விட்டு அழுகிறதை. சனத்துக்குக் கேட்டது மற்ற அழுகல். ஒருத்தரும் கைவைக்கேல்லை. நல்ல காலம், ஒருத்தருக்கும் வயித்தாலை போகவும் இல்லை.

தம்பி மனுசி உடனை படம் எடுத்து மெல்பேணுக்கு அனுப்பிப்போட்டாள். அண்டிரவே மூத்தவள் வீடியோவிலை வந்து, “அப்பா, நீங்கள் தனிய இருந்து கஸ்ரப்படாதேங்கோ, விசா அலுவலை நான் பாக்கிறன்” எண்டாள். பாத்தியே மச்சான், ஒரு பாண் அழுததுக்கு என்னை நாடு கடத்தப் பாக்கினம்.

அண்டைக்குத் துவங்கினது இந்த விசர். இப்ப நான் கண்டுபிடிச்சதைச் சொல்லுறன், எழுதி வை. முதல் விசயம், பாண் ஒரு நாள் பழசா இருக்க வேணும். முதல் நாள் பின்னேரம் வாங்கி, துணியாலை சுத்தி வைச்சால் அடுத்த நாள் காலமை சீரா வெட்டுப்படும். ரவுணுக்குப் போய்ப் பல்லு வைச்ச கத்தி ஒண்டும் வாங்கினன். அமத்தக் கூடாது, வாள் மாதிரி இழுக்க வேணும். ரண்டாவது, பட்டரோ மாஜரினோ பாணின்ரை ஓரம்வரைக்கும் பூச வேணும். அது ருசிக்கு மட்டும் இல்லை. கொழுப்பு ஒரு மழைச்சட்டை மாதிரி, உள்ளுக்கை வைக்கிறதின்ரை ஈரம் பாணுக்கை இறங்காமல் மறிக்கும். பீற்றூட்டை அவிச்சுத் துருவி, உப்புப் போட்டு, துணியிலை வைச்சு முறுக்கிப் பிழி. பிறகு அது அழாது.

சம்பல் பாணுக்கு நீ சொல்லித் தாற ஆள், எனக்குத் தெரியும். எண்டாலும் கேள். செத்தல் மிளகாயை வாட்டி, உப்போடை உரலிலை இடிச்சு, பிறகு சின்ன வெங்காயம், கடைசியிலைதான் தேங்காய்ப்பூ. தண்ணி ஒரு சொட்டும் இல்லை. தேசிப்புளி பாணுக்கை வைக்கிற நேரம்தான் விட வேணும், முந்தி விட்டால் நீர் விட்டிடும். ரண்டு துண்டுக்கும் பட்டர், நடுவிலை சம்பல் விரல்மொத்தம், மேலை ஒரு பலகையை அஞ்சு நிமிசம் பாரத்துக்கு வை. காலமை செய்தால் மத்தியானத்துக்குள்ளை முடிக்க வேணும். உங்கை குளிரிலை நீ ரண்டு நாள் வைச்சுத் தின்னுவாய், இஞ்சை ஏலாது.

மொட்டை வாத்தியார் இங்கிலிஸ் பாடத்திலை சொன்னது ஞாபகம் இருக்கே? சான்ட்விச் எண்டுறது கென்ற் பக்கம் ஒரு ஊராம். அந்த ஊர்ப் பேரைப் பட்டமா வைச்சிருந்த நாலாவது பிரபு, ஜோன் மொன்ரேகு, சீட்டு மேசையை விட்டு எழும்ப மனமில்லாமல் இறைச்சியைப் பாணுக்கை வைச்சுக் கொண்டு வரச் சொன்னவராம். 1762இலை எட்வேட் கிபன் நாட்குறிப்பிலை அந்தச் சாப்பாட்டின்ரை பேரை எழுதி வைச்சிருக்கிறார். பிரபு கடற்படைக்குப் பொறுப்பா இருந்தவர், அவர் அதைச் சாப்பிட்டது வேலை மேசையிலை எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். எனக்கு அது வேண்டாம், சீட்டுக் கதைதான் வேணும். ஏனெண்டால் தவத்தின்ரை விறாந்தை. தொண்ணூறுக்குப் பிறகு கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய் வாங்க ஏலாத விலை. ஜாம் போத்தில் விளக்கை நடுவிலை வைச்சு நாங்கள் 304 எண்ட சீட்டாட்டம் விளையாட, தவத்தின்ரை அம்மா சம்பல் பாண் கொண்டு வந்து வைப்பா. நீ ஒரு கையிலை சீட்டு, மற்றக் கையிலை பாண். முப்பது பெறுமதியான ஜேக் நாலிலையும் உன்ர பெருவிரல் சம்பல் ஊறி, பின்பக்கமாப் பாத்தாலே ஆரிட்டை ஜேக் எண்டு உனக்கு விளங்கும். தற்செயல் எண்டு இண்டைக்கும் சாதிக்கிறாய். தவம் சாகுமட்டும் அதை நம்பேல்லை, நானும் நம்பமாட்டன்.

சரி, சமன் மீன் ரின்னுக்கு வாறன். ரின்னிலை படமும் பேரும் என்னவா இருந்தாலும் எங்களுக்கு அது சமன்தான், உள்ளுக்கை கிடக்கிறது மக்கரல் எண்டாலும். 425 கிராம் ரின் ஒண்டு. தண்ணியை வடிச்சு, முள்ளை எடுத்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடை சட்டியிலை பிரட்டி, ஈரம் வத்தினாப்போலை இறக்கி, மிளகுதூள், தேசிப்புளி. சுடச்சுட பாணுக்கை வைச்சிடாதை, பட்டர் உருகி ஓடும். ஆறட்டும். இதைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் வைச்சன். தம்பி மனுசி மூண்டு துண்டு திண்டவள். அதை ஏன் மெல்பேணுக்குப் படம் எடுத்து அனுப்பேல்லை எண்டு கேள் பாப்பம்!

சீனிச் சம்பலும் கிண்டினன். அது வெங்காயமும் பொறுமையும். அடுப்பை நல்லாக் குறைச்சு ஒரு மணித்தியாலம் நிண்டு கிளறினால் வரும், கிழமைக்கணக்கிலை நிக்கும், பழுதாகாது. அவ்வளவுதான், அதிலை பெரிய கதை இல்லை.

இப்ப நல்லூர் கொடியேறினதோடை இருபத்தைஞ்சு நாளைக்கு மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. சமன் ரின் அலுமாரியிலை தவம் இருக்கு. அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதை நான் ஒருத்தரிட்டையும் கேட்டுச் செய்யேல்லை, என்ர சொந்தக் கண்டுபிடிப்பு. உருளைக்கிழங்கை அவிச்சு, உப்பு, மிளகு, கொஞ்சப் பட்டரோடை மசிச்சு, பாணிலை பூசு. மேலை, வேப்பம்பூ வடகத்தைப் பொரிச்சு, கையாலை நொருக்கித் தூவு. மூடி உடனை கடி. கிழங்கு மெத்தெண்டு போகேக்கை வடகம் மொறுமொறெண்டு உடைஞ்சு, கடைசியிலை அந்த மெல்லிய கசப்பு வரும் பார். மச்சான், அந்தப் பிரபுவுக்கு இது கிடைச்சிருந்தால் சீட்டை எறிஞ்சுபோட்டு எழும்பி வந்திருப்பார். ஏழு நாளா ஒவ்வொரு காலமையும் இதுதான். பொன்னுக்கிளி அக்காவுக்கு வேலியாலை ஒண்டு குடுத்தன். “இதென்ன, பாணுக்கை வேம்போ” எண்டு கேட்டவ, அடுத்த நாள் தானாக் கோப்பையோடை வந்து நிண்டவ.

நான் ஏன் இதை இவ்வளவு விளக்கமா எழுதுறன் எண்டு நீ யோசிப்பாய். 2019இலை நானும் மனுசியும் மெல்பேணுக்குப் போய் மூண்டு மாசம் நிண்டது உனக்குத் தெரியும். குளிர் எண்டு உனக்குச் சொன்னனான். அது பொய், குளிர் தாங்கலாம். கோயில் குளம் எண்டு மனுசியை ஒருத்தர் வந்து கூட்டிக்கொண்டு போவினம். மூத்தவள் ஞாயிற்றுக்கிழமை இரவு அஞ்சு நாளுக்கும் சேத்து எனக்குச் சான்ட்விச் செய்து, ஒவ்வொண்டையும் சுத்தி, மேலை எழுதி பிறிஜ்ஜுக்கை அடுக்குவாள். “அப்பா திங்கள்”, “அப்பா செவ்வாய்”, “அப்பா புதன்”. எவ்வளவு அன்பு இருந்தால் அந்தப் பிள்ளை வேலைக்கும் போய்க்கொண்டு அதைச் செய்யும். எனக்கும் விளங்குது. ஆனால் மத்தியானம் பன்னிரண்டுக்கு, ஆளில்லாத அந்த வீட்டிலை, சில்லெண்ட செவ்வாய்க்கிழமையை எடுத்துப் பிரிச்சுத் தின்னேக்கை, புதன் எனக்காகக் காத்துக்கொண்டு நிக்குது எண்டு தெரியும் குணம். ஒருநாள் வேணுமெண்டு வியாழனை எடுத்துத் திண்டன். பின்னேரம் வந்து, “அப்பா, மாறிப் போச்சே” எண்டு கவலைப்பட்டாள். தகப்பனுக்கு மறதி வந்திட்டுதோ எண்டு அவளுக்குப் பயம். வேணுமெண்டு எடுத்தனான் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

நீ 96இலை போனனீ. உன்ர பிள்ளையள் அங்கையே வளந்ததுகள், உன்ர கதை வேறை. எண்டாலும் கேக்கிறன். மாலா வேலைக்குப் போற நாளிலை மத்தியானம் நீ என்ன சாப்பிடுறாய்? ஆர் எடுத்துத் தருகினம்? எனக்குப் பகிடி விடாமல் உண்மையை எழுது.

இனிப் பார்சல் கதை. மனுசி போக முந்தி, பங்குனியிலை, வேப்பம்பூ பொறுக்கிக் காய வைச்சு, உழுந்தும் செத்தலும் வெங்காயமும் போட்டு வடகம் செய்து போத்தில்களிலை போட்டு வைச்சிட்டுப் போனவள். மூண்டு போத்தில் மேல்தட்டிலை வரிசையா நிண்டது. மாசத்துக்கு ஒண்டு எண்டு நான் நினைச்சன், அவள் சொல்லேல்லை. நான் பாணுக்கை தூவித் தூவி மூண்டாவது நேற்றோடை முடிஞ்சுது. இண்டைக்குக் காலமை மாப் பேணியை இழுக்க, அதுக்குப் பின்னாலை நாலாவது போத்தில் இருக்கு. வாய்வரைக்கும் நிரப்பி, மூடியைத் துணி போட்டுக் கட்டி வைச்சிருக்கிறாள்.

மூண்டு மாசத்துக்குப் போறவள் ஏன் நாலு போத்தில் செய்தவள்? ஏன் அதை ஒளிச்சு வைச்சவள்? ஒண்டுமில்லாத விசயமாயும் இருக்கும், பூ கூடச் சேந்திருக்கும், தட்டிலை இடம் இல்லாமல் இருந்திருக்கும். ஆனால் இப்ப ரெலிபோனிலை கதைக்கேக்கை பேரனைப் பற்றித்தான் கதைக்கிறாள். வளவுக்குத் தண்ணி விட்டனீங்களோ எண்டு முந்தி ஒவ்வொரு நாளும் கேப்பாள், இப்ப ரண்டு கிழமையாக் கேக்கேல்லை. எப்ப வாறாய் எண்டு நான் கேக்க வெளிக்கிட்டால் மூத்தவள் பக்கத்திலை நிப்பாள், அதாலை நானும் கேக்கேல்லை. மாலாவைக் கொண்டு ஒருக்கா எடுப்பிச்சுக் கேட்டுப் பார். பொம்பிளையள் தங்களுக்குள்ளை சொல்லுவினம். நான் கேக்கச் சொன்னதெண்டு மட்டும் தெரியக் கூடாது, அதையும் மாலாவுக்குச் சொல்லி வை.

அந்த நாலாவது போத்தில்தான் பார்சல். என்ர கண்ணுக்கு முன்னாலை அது நிக்க எனக்கு ஏலாது. நீங்கள் ரண்டு பேரும் தின்னுங்கோ. உருளைக்கிழங்கை நல்லா மசிய விடு, கட்டி நிண்டால் பாண் கிழியும். வடகத்தை எண்ணெய் நல்லாக் கொதிக்க விட்டுப் போடாதை, கொஞ்சம் காஞ்ச உடனை போட்டு, நிறம் மாற முந்தி எடு. கருகினால் கசப்பு வாயிலை நிண்டிடும், பிறகு என்ர கண்டுபிடிப்பைத்தான் குறை சொல்லுவாய். யன்னலைத் திறந்து வைச்சுப் பொரி. போனமுறை மாலா மிளகாய் பொரிக்க உங்கடை வீட்டு அலாரம் அடிச்சு, அயலட்டை முழுக்க வெளியிலை வந்து நிண்ட கதை எனக்கு இன்னும் மறக்கேல்லை.

இப்படிக்கு,
பரா