வேனுக்கு எண் இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள், அங்கே சொந்தபந்தங்களோடு ஒரு வேன் பேசிக்கொண்டு கோயில், நயாகரா என்று கிளம்பிவிடுகிறார்கள். நியூஜெர்சி எடிசனிலிருந்து பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு என்று வைத்துக்கொள்வோம். ‘உரிமம் உண்டா?’ என்று கேட்டால் வேன்காரர் வாட்ஸ்அப்பில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ‘யூஎஸ்டாட்’ எண் ஒன்றை அனுப்புவார். உடனே முன்பணம் போய்விடும்.

அந்த எண் உரிமமன்று, வெறும் பதிவு எண். அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது. கூலிக்கு ஆளேற்றி மாநில எல்லை தாண்டுபவர், டாக்சி போன்ற சில விலக்குகள் நீங்கலாக, கூட்டரசின் இயக்க அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 300 டாலர். காப்பீட்டுச் சான்றைக் காப்பீட்டு நிறுவனமே தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ள மாநிலவாரியாக முகவர்களையும் காட்ட வேண்டும். காப்பீட்டுச் சான்றில் நிறுவனப் பெயரின் பின்னொட்டான ‘எல்எல்சி’ விட்டுப்போனால்கூட அனுமதி கிடப்பில் விழக்கூடும். எண் கையில் இருக்கும், அனுமதி இருக்காது.

வணிக வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏயின் ‘சேஃபர்’ இணையத்தளத்தில் இதை இலவசமாகப் பார்க்கலாம். எண்ணைத் தட்டினால் மேலே ‘ஆக்டிவ்’ என்று வரும். பலர் அதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இயக்க அனுமதியின் நிலையைக் காட்டும் ‘ஆப்பரேட்டிங் அத்தாரிட்டி ஸ்டேட்டஸ்’ என்ற வரி. அதில் ‘பாசஞ்சர்’ என்ற சொல் இருக்க வேண்டும். ‘ப்ராப்பர்ட்டி’ மட்டும் இருந்தால் அது சரக்கு ஏற்றுவதற்கான அனுமதி. ‘நாட் ஆத்தரைஸ்டு’ என்றிருந்தால் பேச்சே வேண்டாம்.

காப்பீடு இருக்கைக் கணக்கில் போகிறது. ஓட்டுநரையும் சேர்த்து 15 இருக்கைகள் வரை குறைந்தது 15 லட்சம் டாலர். 16 இருக்கைகளாகிவிட்டால் 50 லட்சம். அந்த ஒரு இருக்கையால் ஓட்டுநருக்குப் பயணிகளை ஏற்றும் வணிக உரிமமும் கட்டாயமாகிறது. வீட்டு வேனைக் கூலிக்கு விடுபவரின் சொந்த வாகனக் காப்பீடு இதற்கு ஈடாகாது. கட்டணப் பயணம் பொதுவாக அதில் அடங்குவதே இல்லை. காப்பீடு ரத்தானால் அனுமதியும் பறிபோகும் என்பதால், முன்பதிவின்போது பார்த்ததைப் பயணத்துக்கு முந்தைய நாளும் பார்ப்பது நல்லது.

ஓட்டுநரின் நேரத்தை யாருமே கேட்பதில்லை. தொடர்ந்து 8 மணி நேர ஓய்வுக்குப் பிறகு அவர் அதிகபட்சம் 10 மணி நேரம்தான் ஓட்டலாம். எடிசனிலிருந்து பிட்ஸ்பர்க்குக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய ஆறு மணி நேரம். காலையில் போய் தரிசனம் முடித்து இரவே திரும்பிவிடலாம் என்று ஒரே ஓட்டுநரை வைத்து விலை சொல்பவர், விதியை மீறியே அந்த விலையைச் சொல்கிறார். இரண்டாவது ஓட்டுநருக்கோ ஓர் இரவுத் தங்கலுக்கோ பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில் தனியார் வாடகை காரின் கண்ணாடியில் ஒட்டுவில்லையைத் தேடுகிறோம். அங்கே வேனின் இரு பக்கமும் நிறுவனத்தின் பெயரும் யூஎஸ்டாட் எண்ணும் 50 அடி தூரத்திலிருந்து படிக்கும்படி எழுதியிருக்க வேண்டும். பேசியவர் ஒருவர், வந்த வண்டியில் வேறு பெயர் என்றால், பெட்டிகளை ஏற்றுமுன் அந்த எண்ணையும் சேஃபரில் தட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சுற்றுலாப் போக்குவரத்துத் துறை வாசகர்கள்,
ஈசூன், சிங்கப்பூர்