இரண்டாம் தவணை முடிவில் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர், பாதுகாவலர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் தவணை முடிகிறது. பிள்ளைகள் தமிழ்த்தினப் போட்டியில் நன்றாகச் செய்தார்கள். கணித, விஞ்ஞானப் புள்ளிகளிலும் முன்னேற்றம் தெரிகிறது. குடிநீர்த் தாங்கி திருத்தியாகிவிட்டது. சிரமதானத்துக்கு வந்த எல்லோருக்கும் நன்றி.

சரி, இனி வலைப்பந்தாட்டம்.

வலயமட்டப் போட்டி அன்று காலை ஆறேகாலுக்கு வான் வாசலில் நின்றது. பத்துப் பேர் வரவேண்டும், ஏழு பேர்தான் வந்தார்கள். ஆறே முக்கால் வரை பார்த்தோம். புறப்படும் நேரம் ஆறாம் தரத் தம்பி ஒருவன் சைக்கிளில் வந்து, ஆசிரியையின் கையில் ஒரு சொப்பிங் பையைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டான். உள்ளே அன்று வராத அவன் அக்காவின் 'ஜி.ஏ' பிப், அதாவது ஆடும் இடத்தைக் காட்டும் எழுத்தோடு உடுப்புக்கு மேல் போடுகிற துணி. தோய்த்து, அயன் பண்ணி, நாலாக மடித்திருந்தது. அயன் பண்ணியது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஏழு பேரில் வளையத்துக்குப் பந்து போட உரிமை உள்ளவர்கள் ஜி.எஸ் (கோல் சூட்டர்), ஜி.ஏ (கோல் அற்றாக்) என்ற இருவர் மட்டுமே. மற்றவர்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் போட முடியாது. அன்று எறிந்து பழகாத ஒரு பிள்ளைதான் ஜி.ஏயாக நின்றாள். இரண்டாவது ஆட்டத்தில் இன்னொருத்திக்குக் கால் சுளுக்கியது. மாற்ற ஆளில்லை, ஆறு பேராக ஆடி முடித்தார்கள். தோற்றது எனக்குப் பெரிய விஷயமில்லை. திரும்பி வரும்போது வராதவர்களை ஒருத்திகூடத் திட்டவில்லை. "அவளை வீட்டில விட்டிருக்க மாட்டினம், ரீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. சொன்னவளுக்கும் கேட்டவர்களுக்கும் அது ஒரு புதினமாகவே தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு பெற்றோர் சிலருடன் பேசினேன். ரியூசன் இருக்கிறது, வெயிலில் கறுத்துப்போவாள், பெரியபிள்ளையான பிறகு காற்சட்டையோடு ஓடவிடுவது சரியில்லை, பொழுதுபட்டால் காட்டுப் பக்கத்தால் யானை வரும் என்றார்கள். ஊர் என்ன சொல்லும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பேச்சு முழுக்க அது இருந்தது.

இதில் யானை விஷயம் முழுக்க நியாயம். இரண்டு நாட்கள் பயிற்சி ஐந்தே முக்கால் வரை இழுபட்டு, ஐந்து மணி பஸ் போய்விட்டது. அது எங்கள் பிழை, மன்னிக்க வேண்டும். உடுப்பும் தீர்க்கக்கூடியதுதான். நீளக் காற்சட்டைக்கு மேல் பாவாடை போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வரட்டும். வெயிலில் கறுப்பதைப் பற்றி என்னிடம் பதில் இல்லை. வன்னியில் வெயில் படாமல் வளர்ந்தவர் நம்மில் யார்?

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் ஆடியவர். 2019 உலகக் கிண்ணத்தில் எல்லோரையும்விட அதிக கோல்கள் போட்டவர். எல்லோரும் அவரைப் போல் வரவேண்டும் என்று கேட்கவில்லை, அந்த உயரம் எல்லோருக்கும் வாய்க்காது. நான் பார்ப்பது வேறு. இந்த ஆட்டத்தில் பந்தோடு ஓட முடியாது, மூன்று விநாடிக்குள் யாருக்காவது எறிந்துவிட வேண்டும். ஆகவே பந்து வேண்டியவள் வாய் திறந்து கேட்டே ஆகவேண்டும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று மேசையையே பார்க்கிற ஒரு பிள்ளை, மைதானத்தில் "இஞ்ச போடு!" என்று கத்துவது பாலை மரத்தடி வரை கேட்கிறது. இப்போது பாடம் விளங்காவிட்டால் கை உயர்த்துகிறாள் என்று விஞ்ஞான ஆசிரியர் சொல்கிறார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவணைத் தொடக்கத்தில் நீங்கள் ஒப்பமிட்ட சம்மதப் படிவங்கள் அலுவலக அலுமாரியில் இருக்கின்றன. விருப்பமில்லை என்றால் அப்போதே சொல்லுங்கள், மனம் கோணமாட்டோம். போட்டிக்கு முதல் நாள் இரவு பிள்ளையை மறிப்பது, வந்து நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். இனி அதற்கு இடமில்லை. அண்ணன்மாரின் கிரிக்கெட் மட்ச்சுக்கு ரியூசன் தடையாக இருந்ததாக இந்தப் பாடசாலையில் நான் ஒருநாளும் கேள்விப்படவில்லை.

அடுத்த தவணையில் செவ்வாயும் வியாழனும் இரண்டேகால் முதல் நாலேகால் வரை மட்டுமே பயிற்சி. கடைசிப் பிள்ளை பஸ் ஏறும்வரை ஆசிரியை கூட நிற்பார். ரியூசன் ஆசிரியர்களுடன் நேரம் பற்றி நானே பேசுகிறேன். நீங்களும் வந்து பாருங்கள், மரத்தடியில் கதிரை போட்டு வைக்கிறோம். அந்த 'ஜி.ஏ' பிப் என் மேசை லாச்சியில் பத்திரமாக இருக்கிறது. வேறு யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை.

மைதானத்தைச் சமப்படுத்த உழவு இயந்திரத்தோடு வந்து டீசல் காசும் வாங்காமல் போன அப்பாவுக்கும், பயிற்சி நாட்களில் தேசிக்காய் அனுப்புகிற வீடுகளுக்கும் நன்றி. தனியாக நின்று வீட்டையும் பார்த்து, கூலி வேலைக்கும் போய், மகளைப் பயிற்சிக்கும் அனுப்புகிற அம்மாமாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கால் சுளுக்கிய பிள்ளை இப்போது நன்றாக நடக்கிறாள்.

இப்படிக்கு,
அதிபர்

பி.கு.: தேர்ச்சி அறிக்கையில் ஒப்பமிட்டுப் பாடசாலை தொடங்கும் முதல் நாளே திருப்பி அனுப்பவும். போன தவணை அறிக்கைகள் சில இன்னும் வந்து சேரவில்லை.