கரையையும் அளந்து சொல்லுங்கள்

கொடைக்கானல் நகராட்சி மன்றத் தலைவர், உறுப்பினர்கள், பொறியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோடை வந்தால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது? மனோரஞ்சிதம் அணையும் அப்சர்வேட்டரி பக்கத்துப் பழைய அணையும் வற்றினால் குழாயில் காற்றுதான் வரும். நான் கேட்க வந்தது வேறு. தண்ணீரைத் தாங்கி நிற்கிற கரை எப்படி இருக்கிறது? நம் மலையில் மண்கரை போட்டு நீர் தேக்கிய எல்லா இடங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஏரிக்கரையும் அதில் சேரும். 1863ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கியதுதானே நம் ஏரி.

கசியாத மண் அணை கிடையாது. நடுவில் களிமண்ணை எவ்வளவு இறுக்கி வைத்தாலும் கொஞ்சம் நீர் ஊறி, வெளிப்பக்க அடிவாரத்தில் வரத்தான் செய்யும். தெளிவாக, அதே நீர்மட்டத்துக்கு அதே அளவில் வந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று பொருள். உள்ளே ஒரு துளை உண்டாகி, தண்ணீர் மண்ணை இழுக்க இழுக்க அகலமாகிக்கொண்டே போகும். கடைசிக் கட்டத்தில் சில மணி நேரத்தில் கரையே போய்விடும். கரைக்குள் பதித்த பழைய குழாயை ஒட்டித்தான் இது பல நேரம் தொடங்குகிறது, குழாயின் அடியில் மண்ணைச் சரியாக இடித்து இறுக்குவது கடினம் என்பதால். கரைமேல் வளரவிட்ட மரம் பட்டுப்போய் வேர் மக்கினாலும், முள்ளம்பன்றி வளை தோண்டினாலும் தண்ணீருக்கு ஒரு வழி கிடைத்துவிடும்.

கல் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் பல நேரம் தாங்கும். மண்கரையின் மேல் வழியவே கூடாது. அதனால் மிகுதி நீர் வெளியேறும் கலிங்கில் மணல் மூட்டை அடுக்கி இன்னும் ஓரடி தேக்கலாம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு நம் கலிங்குகள் போதுமா என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை நீளம், கொள்ளளவு போன்ற வேறு நிபந்தனைகளில் ஒன்றையாவது எட்டினால்தான் உள்ளே வரும். அதற்கும் சிறியவற்றைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதிக்கச் சொல்லி அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. சிறிய அணை என்றால் ஆபத்தும் சிறிது என்று ஆகிவிடாது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவாரே என்ற, கொள்ளளவில் சிறிய மண் அணை 2019 ஜூலையில் இரவு நேரத்தில் உடைந்து, வீடுகளோடு ஆட்களை அடித்துச் சென்றது. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்! நம் மலையிலோ வெள்ளம் பரந்து தணிய இடமே இல்லை, பள்ளத்தாக்கு வழியே நேராக இறங்கும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் தேக்குகிற தண்ணீரைக் குறைத்துவிடுவார்களோ என்று மக்கள் பயப்படலாம். உண்மையில் நம்பகமான கரையில்தான் முழு மட்டத்துக்குத் தேக்க முடியும். குடிநீருக்காகக் கட்டிய அணை அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய இதுதான் வழி.

பெரிய செலவு எதையும் கேட்கவில்லை. கரைமேல் உள்ள செடிகொடிகளை வெட்டி வையுங்கள். அடிவாரத்தில் கசிவு நீரை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, வி வடிவ வெட்டு உள்ள பலகை வைத்தால், வெட்டில் நீர் ஏறும் உயரத்தைப் பார்த்தே கசிவின் அளவு தெரிந்துவிடும். அதை வாரம் ஒருமுறை குறித்து வைக்க ஓர் ஆள், சந்தேகம் வந்தால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு, அப்புறம் கீழே குடியிருப்பவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரும் வழி. நீர்மட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் கசிவின் அளவையும், தெளிவா கலங்கலா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் மாதக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாயுடுபுரத்தில் குடியிருக்கும் ஒருவர்