இருபது நிமிஷ ஆட்டம்

பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இதற்குள் நீ என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய், தெரியும். கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இன்னும் ஒரு மாதம் அடுப்படிப் பக்கம் போகாதே. மருமகள் சமைக்கட்டும், குழம்பில் உப்பு குறைந்தால் குடி ஒன்றும் முழுகிப்போகாது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் வலி, இறங்கினால் அதைவிட வலி.

அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் மூன்று நாளாக ஜே.பி. நகர் ரங்கசங்கராவுக்கு அலைந்தேன். தென்மாநிலங்களில் புதிதாக நடனம் அமைக்கிற பிள்ளைகளை ஒரே மேடையில் காட்டுகிற விழா. நாம் ஆடிய பரதம் இல்லை, ‘கன்டெம்பரரி’ என்கிறார்களே, அந்த நவீன நடனம். மகள் டிக்கெட் வாங்கி வைத்துவிட்டு ஆபீஸ் வேலை என்று கழன்றுகொண்டாள். காசு வீணாகிறதே என்று கிளம்பியவள்தான் நான். அந்த அரங்கத்தில் கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். முதல் நாள் சிக்னலில் ஆட்டோ நின்ற நிற்பில் எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டு நிமிஷம் இருக்கும்போது உள்ளே நுழைந்தேன்.

முதல் ஆட்டம் புரியவில்லை, இரண்டாவது பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் கவர்களுக்குள் புகுந்து உருண்டார்கள், சுற்றுச்சூழலாம். விட்டுவிடு. மூன்றாவதாக வந்த பெண்ணைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கேரளத்துப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். சலங்கை இல்லை, பாட்டு இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். நான் வழக்கம்போல முகத்தைத் தேடினேன். நாற்பது வருஷப் பழக்கமில்லையா, கண் எங்கே போகிறது என்று பார்த்துத்தானே மனம் போகும் நமக்கு. முகமே இல்லை என்றால் எதைப் பார்ப்பது? கொஞ்ச நேரத்தில் அவள் தோள்பட்டை எலும்பு இரண்டும் மெல்ல நெருங்கி வந்து விலகுவது தெரிந்தது. பிறகு அரைமண்டி. ஆமாம், முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்து மடக்கிப் பாதி உட்காருகிற நம் அரைமண்டியேதான்! ஆனால் அதில் உட்காரவே மூன்று நான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். தொடை நடுங்கத் தொடங்கியது, அதை அவள் மறைக்கவில்லை. வியர்த்த பாதத்தை அந்தக் கறுப்பு விரிப்பிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ‘சர்க்’ என்று ஒரு சத்தம். தாளம் என்று இருந்தது அது ஒன்றுதான். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழு வந்தது, அடுத்து ஒன்பது, அப்புறம் பிடிபடவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் சொல்லியிருப்பாய். நடுவில் விரிப்பை ஒட்டியிருந்த டேப் கிளம்பி அவள் கட்டை விரலில் மாட்டிக்கொண்டது. நாமாக இருந்தால் பதறியிருப்போம். அவள் அந்த விரலை அப்படியே அழுத்தி, டேப்பை ஒட்டவைத்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்தாள்.

நாம் ஜதியை முடிக்க வைப்போமே, அந்தத் தீர்மானம் வைக்காமலே முடித்தாள். விளக்கு அணைந்தும் யாரும் கை தட்டவில்லை. என் பக்கத்து சீட்டுப் பெரியவர் “முடிஞ்சுதா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

நம் வாத்தியார், நாட்டியக்காரர் சந்திரலேகாவின் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? “பரதத்தைக் கெடுத்த பெண்பிள்ளை” என்பார். அந்த அம்மாளும் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் முறையாகக் கற்றவர்தான் என்பதை மட்டும் நமக்குச் சொல்லவே இல்லை. 1952இல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. ‘மதுரா நகரிலோ’ பாட்டுக்கு யமுனைத் தண்ணீரை அபிநயம் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வெடித்துக் கிடக்கிற நிலம் மனசில் வந்து நின்றுவிட்டதாம். அந்த உறுத்தல் உள்ளேயே கிடந்து, 1985இல் களரியையும் யோகாவையும் பரதத்தையும் சேர்த்து ‘அங்கிகா’ செய்தார். தேவதை, நாயகி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உடம்பை மட்டும் மேடையில் வைத்தார். அந்தக் கேரளத்துப் பெண்ணின் முதுகைப் பார்த்தபோதுதான் வாத்தியார் எதைக் கண்டு பயந்தார் என்று எனக்குப் பிடிபட்டது.

சரி, குறையும் சொல்ல வேண்டும். ஆளுக்கு இருபதே நிமிஷம். முன்வரிசையில் வெளியூர், வெளிநாட்டு விழாக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிடித்தால் தங்கள் ஊருக்கு அழைப்பார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது, இந்தப் பிள்ளைகளுக்குச் சபா கிடையாது, கோயில் கிடையாது, கல்யாணக் கச்சேரியும் கிடையாது. ஆனால் அரைமண்டிக்கே நாலு நிமிஷம் கேட்கிற ஆட்டத்தை இருபதுக்குள் எப்படி அடைப்பது? பிறகு வெளியே அவளைப் பிடித்துக் கேட்டேன். முழு ஆட்டம் ஐம்பது நிமிஷமாம். ஒரு வருஷமாக, விடியற்காலையில் பாட்மின்டன் கோர்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பழகியிருக்கிறாள். முழுசாக ஆடியது இரண்டே தடவை. சந்திரலேகாவிடம் பத்து வருஷம் ஆடிய பத்மினி செட்டூர், ‘வால் டான்சிங்’, அதாவது சுவர் நடனம், என்று மூன்று மணி நேரத்துக்கு ஒன்று அமைத்தார். அதை இருபது நிமிஷமாக நறுக்கினால் என்ன மிஞ்சும், சொல்.

சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் நீ தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்த வருஷம் நினைவுக்கு வந்தது. மை கலைந்த குழந்தைகள் ராத்திரி பதினோரு மணிக்கு வரிசையில் தூங்கி வழிய, பின்னாலிருந்து ஒருவர் “வர்ணத்தைச் சுருக்குங்கம்மா, சுருக்குங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ தட்டுக்கழியை அவர் பக்கம் ஓங்கினாயே! அன்றைக்கு வர்ணத்தின் பின்பாதியான சரணத்தையே விட்டுவிட்டுத்தான் இறங்கினோம். இதைச் சொன்னதும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அரங்க கேன்டீனில் இரண்டு பேரும் ஜவ்வரிசி வடை தின்றோம். மொறுமொறுவென்று நன்றாக இருக்கும், உனக்கும் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து, முழங்கால் கிடக்கிறது என்று, கதவைச் சாத்திக்கொண்டு மெல்ல அரைமண்டி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மகளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

அவள் முழு ஆட்டத்தையும் சென்னையில் ஆட இடம் தேடுகிறாளாம். தேதி முடிவானால் எழுதுகிறேன். மாயவரத்திலிருந்து நீ ரயிலேறி வந்துவிடு. கண்ணும் அதற்குள் ஆறிவிடும். அந்தத் தாளத்தை நீ எண்ணிச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ராஜி